மதிலைத் தொட்டிராதீரும்

வண்டி உங்களுடையதா?
இல்லை.
ஓட்டினவர் உங்கள் சம்பளக்காரரா?
இல்லை.
ரோடு?
நெடுஞ்சாலைத் துறைக்கு.

மூன்றாம் எதிர்மனுதாரர் விடுவிக்கப்படுகிறார்.
பணம் இன்சூரன்சுக்காரர் கட்டவேண்டும்.
குழித்துறைக் கோர்ட்டின் படியிறங்கும்போது
சட்டைப்பையில் கேட் சாவி
தொடையில் இடிப்பதுபோல் இருந்தது;
பை மார்பில்தான் இருந்தது.

கருங்கலில் என் மண்டபத்துக்கு
ஒரு எடுப்பு வேண்டுமென்று
முன்பக்கம் வளைத்துக் கட்டிய மதில் அது. எட்டடி.
கயிறு பிடிக்கும்போதே கொத்தனார் ஸ்டீபன்சன் கேட்டார்:
"கல்லு உள்ள போவுதே, பாத்தியளா?"
சர்வே கல்.
இப்போது அது அரளிச் செடியடியில்
மதிலுக்கு ஒன்றேகால் அடி உள்ளே நிற்கிறது,
தலையில் வெள்ளையடித்து.
"கெடக்கட்டும். ஆரு வந்து அளக்கப் போறா?"

அளந்தது
கிளாரிபாயின் இடுப்பெலும்பு.

அண்டி ஆபீசு விட்டு ஆறு பத்துக்கு வருகிறவள்.
ஓடைமேல் நான் போட்ட சரிவு கிரானைட்டு,
கார் ஏற வழுவழுவென்று தேய்த்தது.
மழையில் அதில் யாரும் நடப்பதில்லை.
நடந்தவர்கள் விழுந்திருக்கிறார்கள்,
எழுந்து செருப்பைத் தேடி எடுத்து
என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
அவள் தாருக்கு இறங்கினாள்.

மத்தியானக் கல்யாணம் முடிந்து
அண்டா உருளி எல்லாம் கழுவி ஏற்றி
சமையல்காரரின் வேன் பின்னால் வந்தது.
மதில் முடிகிற இடத்தில்தான் ரோடு தெரியும்.
தெரியும்போது பாதி வேன் ரோட்டில்.
நான் உள்ளே
மீட்டரில் யூனிட் எழுதிக்கொண்டிருந்தேன்:
நூற்று எண்பத்தேழு.
அண்டா விழுந்த சத்தம் என்று நினைத்தேன்.
பிள்ளைக்கு முன்னால் பில் எழுதி முடித்தேன்.
இதை யாரும் கேட்கவில்லை.
கூண்டில், கேட்டதற்குத்தான் பதில்.

"மேல்முறையீட்டுக்குத் தொண்ணூறு நாள்" என்றார் வக்கீல்.
"அதுவரெ மதிலைத் தொட்டிராதீரும்.
இடிச்சா ஒத்துக்கிட்டதாட்டு ஆவும்."
மேலே இரண்டு வரிசை மட்டும்?
"ஒரு கல்லுகூட."
கண்ணாடி வைக்கலாமா?
"வேற வேலையப் பாரும்."

கண்ணாடி வாங்கியாகிவிட்டது.
நாகர்கோவிலில், ரசீது போட்டு.
கட்டிலடியில் கிடக்கிறது.
காகிதம் கிழிந்த ஓட்டை வழியே குனிந்தால்
ஃபேனும் அலமாரியும் என் மூஞ்சியும்
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து,
எல்லாம் தெரிகிறது.
வளைவுக்கு அந்தப் பக்கம்கூட.

அறுபத்தொன்றாம் நாள்
அவளுடைய கொழுந்தன் மகனுக்குக் கல்யாணம்.
பக்கத்தில் வேறு மண்டபம் இல்லை.
வாடகையில் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
நானே குறைக்கலாம் என்று பேனா எடுத்தேன்,
அதுவும் ஒத்துக்கொண்டதாகுமோ என்று
முழுத் தொகை எழுதினேன்.

பிரதமன் வரைக்கும் இருந்து சாப்பிட்டாள்.
நாலுகால் கம்பை ஊன்றி
கேட்டுவரை வந்தவள் நின்றாள்.
அண்டிப் பாலில் வெந்த விரல்கள்
கம்பைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன்.
கோர்ட்டில் பார்க்கவில்லை,
அங்கே அவளை எக்ஸ்ரேயில் காட்டினார்கள்.

"மொதலாளி,
வண்டி வருதா எண்ணு கொஞ்சம் பாரும்."

கோபம் இல்லை குரலில்.
உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோல்.

எட்டிப் பார்த்தேன். மதில்.
ஒரு எட்டு வைத்தேன். மதில்.
கிரானைட்டில் செருப்பு வழுக்கியது.
பார்ப்பதற்கு நான்
பட்டுவேட்டியோடு தாரில் இறங்கவேண்டியிருந்தது,
வெள்ளைக்கோடு வரை.
திங்கள்சந்தை பஸ் ஹாரனடித்து
என் முழங்கையை ஒட்டிப் போனது.

"இப்ப இல்லை" என்றேன்.
அவள் இறங்கவில்லை.
"நல்லா பாத்தீரா?"

மறுபடியும் பார்த்தேன்.